மூன்று முறை வழியனுப்பப்பட்டவள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று என்னை வழியனுப்பி வைத்தார்கள். இதோ, வீட்டில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மண்டபத்தில் விருந்து. அத்தை தன் பெரிய பன்றியையே கொடுத்துவிட்டார். மெல்பர்ன் குளிரில் என் உடம்பு கெடாமலிருக்கப் போதகர் நீளமாக ஜெபித்தார். காலையில் விமானம் ஏறுவதற்காகப் பெட்டியையும் என்னையும் எடை போட்டார்கள். கழுத்து நிறைய சோழி மாலை, தலையில் பூவளையம், சட்டை முழுக்க ஆளாளுக்கு அடித்துவிட்ட வாசனைத் தண்ணீர். கைட்டு தீயணைப்பு வண்டியில் இருந்தான். புருஷன் என்றாலும் விமான நாளில் அவன் என் பக்கத்தில் நிற்க முடியாது. முதல் சைரன் ஊதினான். எங்கள் தீவில் ஓடுபாதைதான் மைதானமும்; அதில் பந்தாடிக்கொண்டிருந்தவர்கள், மோட்டார் சைக்கிள்கள், நாய்கள் எல்லாம் ஒதுங்கின. இரண்டாவது சைரனும் ஊதினான். மேகத்துக்கு மேலே, பக்கத்து நாட்டுச் சுவாவிலிருந்து கிளம்பிய விமானத்தின் சத்தம் வந்தது, சுற்றியது, தேய்ந்து போயிற்று. எல்லோரும் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.

"உன் எடையை யாரோ மேல சொல்லிட்டாங்கடி. பயந்து சுவாவுக்கே திரும்பிடுச்சு" என்றாள் சூலியானா. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். அவள் வாய்க்கு விடுமுறையே கிடையாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாலையோடு வீடு வந்தேன். தெலீசா கேட்கிறாள்: "அம்மா, அப்போ என் முத்தத்தைத் திருப்பிக் குடுத்திடுறியா?" எட்டு வயதில் இந்தப் பேச்சு. அப்பனைக் கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

சூலியானாவிடம் கொடுத்துவிட்ட என் கோழிகளைத் திருப்பிக் கேட்கலாமா? வேண்டாம். ஒன்றை ஏற்கெனவே குழம்பு வைத்துவிட்டாளாம்.

பிப்ரவரி 7, சனி

மறுபடி வழியனுப்பினார்கள். இந்த முறை பன்றி இல்லை. மீனும் ஈரப்பலாவும் சோறும். பேச்சுகள் சுருங்கிவிட்டன. போன முறை "எங்கள் அருமை மெலாலி" என்று தொடங்கிய பெரியவர் இந்த முறை "ஏற்கெனவே சொன்னதுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சைரன். மேகம். சத்தம் வந்தது, போனது.

கைட்டு வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏறு, வீட்டுல விட்டுடுறேன்" என்றான். அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்ததா, இல்லையா? இருந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். வலையில் மீன் விழுந்தால் வரும் முகம் அது. நான் ஏறவில்லை. நடந்தே வந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோவிலில் பாடகர் வரிசையில் என் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள். சூலியானா பின்வரிசையைக் கையால் காட்டினாள். ஆராதனை முடிந்ததும், "நீ போயாச்சுன்னு நினைச்சு ஆளைப் போட்டுட்டோம். இப்போ அவளை எப்படிப் போகச் சொல்றது?" என்றாள்.

கடையில் வேலை போயிற்று. கோழி போயிற்று. கொசுவலை, சைக்கிள் எல்லாம் கொடுத்தாயிற்று. ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்துக் கேட்கும் ஒரே கேள்வி: "இன்னும் இங்கதான் இருக்கியா?" என்ன பதில் சொல்வது? மன்னித்துக்கொள்ளுங்கள், இருக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மூன்றாவது தடவை. வழக்கமான நேரத்துக்கு முதல் சைரன் ஊதி, ஓடுபாதை காலியாகி, எல்லோரும் வேலியோரம் நின்ற பிறகு செய்தி வருகிறது, சுவாவிலிருந்து விமானம் கிளம்பவே இல்லையாம். ஏதோ பழுது. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஒருவர் போகிற போக்கில் கைட்டுவிடம், "உன் சைரனை நம்பி எழுந்து வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சைரனைச் சொன்னால் அவனைப் பெற்றவளைச் சொன்ன மாதிரி.

பூவளையம் ஒன்றே ஒன்றுதான், அத்தை கட்டியது. அதுவும் நேற்றைய பூ.

பிப்ரவரி 11, புதன்

சண்டை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

மெல்பர்னிலிருந்து சேதி. முதியோர் இல்லத்தில் எனக்கு வைத்திருக்கும் வேலை மார்ச் பதினாறு வரைதான் காத்திருக்குமாம். அதற்குள் வராவிட்டால் வேறு ஆள். விசா மூன்று பேருக்கும் இருக்கிறது. கைட்டுவுக்கு, தெலீசாவுக்கு, எனக்கு. நான் முதலில் போய் வீடு பிடிப்பது, பிறகு இவர்கள் வருவது என்றுதான் பேச்சு. ஆனால் "பிறகு" என்றால் எப்போது என்று கேட்டால் இவன் வாயைத் திறக்கமாட்டான். இன்று விடாமல் கேட்டேன்.

"நான் வந்தா இங்க யாரு ஊதுறது?" என்றான்.

"ஏன், வேற யாருக்கும் பொத்தானை அமுக்கத் தெரியாதா?"

"பொத்தானை யார் வேணா அமுக்கலாம். ஜனங்க எழுந்து போகணும்ல? எவன் எங்க படுத்திருப்பான், எவன் நாய் எங்க ஒளியும், எல்லாம் எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாதான் நகருவாங்க. இந்த நாட்டுக்கு இருக்கிறது ஒரே ஒரு வாசல், மெலாலி. அதுக்கு நான்தான் காவல்."

"அப்போ அந்த சைரனையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே? என்னை எதுக்குக் கட்டினே?"

எழுந்து போய்விட்டான். ஓடுபாதைக்குத்தான் போயிருப்பான். வேறு எங்கே போவான்? எனக்கு அழுகை வந்தது. என்னைப் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னானா? கூடவே வருகிறேன் என்று சொன்னானா? இரண்டும் இல்லை. நடுவில் நிற்கிறான். நானும்தான். பெட்டி கட்டினபடி வாசலிலேயே இருக்கிறது. போகிறவளுமில்லை, இருக்கிறவளுமில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் சூலியானா வந்தாள். "விருந்து போட எங்ககிட்ட இனிமே பன்றி இல்லடி. ஒரு ஆட்டம் ஆடி அனுப்பி வைக்கிறோம், வா" என்றாள். வியாழனன்று விமானம் கிடையாது. ஓடுபாதை ஊர்க்காரர்களுடையது. ஆனோ ஆடினோம். எங்கள் பக்கம், கடலோரப் பக்கம் என்று இரண்டு அணி எதிரெதிரே; தாழை ஓலையில் முடைந்த கனத்த பந்துகள் இரண்டும் ஒரே நேரத்தில் பறக்கும். என்னை முன்னால் நிறுத்தினார்கள். போதகரம்மாகூடச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். எத்தனை நாளாயிற்று நான் சிரித்து. "மெலாலி, பிடிடி", "மெலாலி, விடாதே". யாரும் இன்னும் இங்கதான் இருக்கியா என்று கேட்கவில்லை.

இரண்டு பக்கமும் ஒன்பது. பத்து எடுத்தால் ஜெயம். அப்போது சைரன்.

எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. யாரோ, "சும்மா பழகிப் பாக்கிறான்" என்றார்கள். சிரித்தோம். கைட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். தங்கிப்போன பயணிகளுக்காகச் சுவாவிலிருந்து கூடுதலாக ஒரு விமானம் அனுப்பியிருக்கிறார்களாம், செய்தி இப்போதுதான் வந்ததாம்.

"கிளம்புங்க, கிளம்புங்க. நிஜமாத்தான் வருது" என்றான்.

"போன வாரமும் நிஜம்னுதான் சொன்னே" என்றாள் சூலியானா. அவளடித்த பந்து வண்டிக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. ஒரே சிரிப்பு. அவன் மறுமுனை வரை போய் மற்றவர்களை விரட்டிவிட்டுத் திரும்பி வந்தான். இரண்டாவது சைரனும் ஊதியாயிற்று. நேராக என்னிடம் வந்தான். எதிரில் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

நான் சொன்னேன்: "கைட்டு, ஒரு பந்து. ஒரே ஒரு பந்து."

அவன் வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டும், என் கையைப் பிடித்து இழுத்துப்போயிருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு பந்துக்கு நின்றான்.

அது ஒரு பந்தோடு முடியவில்லை. விமானம் தாழ்ந்து வந்து, எங்கள் தலைக்கு மேலே மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. அப்புறம்தான் ஓடினோம். சுற்றி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. போய்விட்டது. அதில் எனக்கு இடம் இருந்திருக்கும்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒரு கணம் தப்பியிருந்தால்? போதகரம்மா, சூலியானா, நான், விமானத்துக்குள் இருந்தவர்கள். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. தெரியும். போகப் பிடிக்கவில்லை அந்த நேரத்தில். அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, திங்கள்

ஓடுபாதையில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று உறுதி தரும்வரை விமானம் வராதாம். மருந்து வரவில்லை, தபால் வரவில்லை. சுவா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையில் நெருப்பு இருக்கிறது.

விமான நிலைய அதிகாரி எலியா கைட்டுவைக் கூப்பிட்டு விசாரித்தார். இவன் சொல்லியிருக்கிறான்: "தாமதமா ஊதிட்டேன். வண்டியை எடுக்கவும் லேட்டாயிடுச்சு. தப்பு என்மேலதான்."

வண்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஃபௌலினாவிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"ஓடுபாதையை விட்டுப் போகமாட்டேன்னு நின்னவளைப் பிளேன்ல ஏத்துவாங்களா? உன் பேரு வெளிய வந்தா உன் வேலை போச்சு" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வது போல.

ஆட்டம் ஆடியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 18, புதன்

வேலி கட்டினான். கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினான்.

பிப்ரவரி 21, சனி

இன்று விமானம் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காக; என் இடம் இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. ஃபௌலினா ஊதினாள். கைட்டு வீட்டுக்குள்ளே வலை பின்னிக்கொண்டிருந்தான். சைரன் கேட்டதும் எழுந்துவிட்டான். எழுந்து நின்று, கையிலிருந்த வலையைப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். அப்புறம் தலையைத் தூக்காமலேயே, "சரி, நானும் வர்றேன். மூணு பேருமா சேர்ந்தே போயிடலாம். இங்க என்ன இருக்கு" என்றான்.

இதைத்தானே இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்? கேட்டது கிடைத்துவிட்டது. அவனைப் பெற்ற அத்தையிடமே ஓடிப் போய்ச் சொன்னேன். அத்தை புலாக்காக் கிழங்கைச் சீவிக்கொண்டே, "சந்தோஷம். அவனைத் துணியைச் சுருட்டுற மாதிரி சுருட்டிப் பெட்டியில வச்சுக்கோ. அங்க போய் விரிச்சுப் பாரு, மனுஷனா இருக்கானான்னு" என்றார்.

எரிச்சலாக இருந்தது. இவர் எப்போதுமே இப்படித்தான், நல்ல சேதி சொன்னால் அதில் உப்பை அள்ளிப் போடுவார். ஆனால் சோறு இறங்கவில்லை எனக்கு.

பிப்ரவரி 22, ஞாயிறு

தெலீசா அழுதுகொண்டு வந்தாள். பிள்ளைகள் "உங்கப்பா தூங்கிட்டாரு" என்று பாட்டுக் கட்டிப் பாடுகிறார்களாம். கைட்டு அவளை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா, தூங்கிட்டேன். குறட்டைகூட விட்டேன்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

பிப்ரவரி 23, திங்கள்

சொன்னால் என்ன ஆகும்? சாவி அவனிடம் திரும்பும். அவன் இங்கேயே இருந்துவிடுவான். நான் தனியாகப் போகவேண்டும், அதுவும் விட்டால்தான். தெலீசா யாரிடம்?

சொல்லாவிட்டால்? மூன்று பேரும் ஒன்றாகப் போவோம். மெல்பர்னில் ஒரு ஜன்னல். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் இவன். விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவான். நான் வேலையிலிருந்து வந்து சோறு போடுவேன், சாப்பிடுவான். சண்டைகூடப் போடமாட்டான். ஐயோ, அது வேண்டாம். என்னோடு சண்டை போடுகிறவன்தான் எனக்கு வேண்டும்.

வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டேயிருக்கிறேன். அத்தை பார்த்துவிட்டு, "தரை தேஞ்சுடப் போகுது" என்றார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எலியாவைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது.

"கைட்டு நேரத்துக்குத்தான் ஊதினான் ஐயா. ரெண்டு தடவை ஊதினான். வண்டியும் ரெண்டு தடவை வந்துச்சு. நாங்க நகரலை. என்கிட்ட நேராவே வந்து நின்னான். நான்தான் ஒரு பந்துன்னு சொன்னேன்."

"உங்களைத் தவிர யாராவது இதைச் சொல்லுவாங்களா?"

"போதகரம்மாவைக் கேளுங்க. பொய் சொல்லமாட்டாங்க. இதுவரைக்கும் அவங்களை யாரும் கேக்கலை, அதனால சும்மா இருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க டிக்கெட்டு இருபத்தெட்டாம் தேதிக்கு இருக்கு. அதை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்குக் குடுக்கப்போறேன். நீங்க மார்ச் ஏழாம் தேதி வரைக்கும் இருக்கணும். அதுவும் இடம் இருந்தாத்தான்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

பிப்ரவரி 26, வியாழன்

ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்பு: இரண்டு அணியும் ஓடுபாதையோரப் புல்லை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெட்டவேண்டும். வெட்டினோம். முதுகு விட்டுப்போயிற்று. யாரும் என்னோடு பேசவில்லை. சூலியானா மட்டும் பக்கத்தில் வந்தாள். "வாயை மூடிக்கிட்டுப் போயிருந்தா உன் புருஷனும் கூட வந்திருப்பான், எங்க முதுகும் பிழைச்சிருக்கும்" என்றாள். கொஞ்ச தூரம் வெட்டிவிட்டு, "கோழி முட்டை போட்டிருக்கு. நாலு எடுத்துக்கோ" என்றாள்.

சாவி திரும்பி வந்து, கைட்டு இன்று வண்டியில் ஏறினான். ஃபௌலினா பக்கத்து இருக்கைக்கு மாறிக்கொண்டாள். வண்டியைக் கழுவினான், துடைத்தான், மறுபடி கழுவினான். வீட்டுக்கு வந்து, "உன்னை யாரு சொல்லச் சொன்னது?" என்று கத்தினான். நானும் கத்தினேன். தெலீசா காதைப் பொத்திக்கொண்டாள். நன்றாக இருந்தது.

பிறகு மெல்லக் கேட்டேன்: "அப்போ நீ வரலை."

"இல்லை."

"தெரியும்."

"தெலீசா பள்ளிக்கூட லீவு வரைக்கும் இங்க இருக்கட்டும். அம்மா பார்த்துக்குவா." வாசலிலிருந்த என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "நீ போ, மெலாலி. நிஜமாத்தான் சொல்றேன். போ" என்றான்.

போகாதே என்று சொல்வான் என்று இத்தனை நாள் பயந்தேன். போ என்று சொன்னபோதுதான் நிஜமான பயம் வந்தது.

மார்ச் 7, சனி. சுவா

வந்துவிட்டேன். எதிர் அறையில் யாரோ தொலைக்காட்சி பார்க்கிறார்கள்.

விருந்து இல்லை, பேச்சு இல்லை. வேலியோரம் எப்போதும் நிற்கும் கூட்டம் நின்றது, எனக்காக இல்லை. அத்தை மட்டும் ஒரு பூவளையத்தோடு வந்தார். புதுப் பூ. தலையில் வைத்து அழுத்திவிட்டு, "இந்தத் தடவையாவது திரும்பி வந்திடாதே. கட்டிக் கட்டி என் விரல் நோகுது" என்றார். தெலீசா என் இடுப்பை விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது அத்தைதான். என்னால் முடியவில்லை.

வானம் சுத்தமாக இருந்தது. ஒரு மேகமாவது வந்திருக்கக் கூடாதா?

கைட்டு ஊதினான். ஜனங்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள், எழுந்தார்கள், பாயைச் சுருட்டினார்கள், போனார்கள். ஒரு நாய் படுத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்தி, இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டான். ஓடுபாதை இவ்வளவு காலியாக இருந்து நான் பார்த்ததேயில்லை. என்னைக் கூட்டிப்போக வந்த விமானத்துக்கு அவனேதான் வழி விட்டான்.

ஏறின பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. அவன் கையசைக்கவில்லை. விமானம் கிளம்பும்போது கைகள் இரண்டும் ஸ்டீயரிங்கில் இருக்கவேண்டும் என்று அவன்தான் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறான்.

மார்ச் 16, திங்கள். மெல்பர்ன்

வேலையில் சேர்ந்துவிட்டேன். கால் வலிக்கிறது. இங்கே யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். நம் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் பாடினோம். முன்வரிசையில் நிறுத்தினார்கள். வீடு வந்து தேங்காய்ப் பாலில் மீன் சமைத்தேன். தெலீசா போனில், "அப்பா உன் தலையணையில படுக்கிறாரு. ஏன்னு நான் கேட்டா, தன் தலையணை வேர்க்குதுன்னு சொல்றாரு" என்றாள். அந்தாண்டை அவன் ஏதோ கத்துவது கேட்டது.

ஏப்ரல் 21, செவ்வாய்

கேட்கவே கூடாது என்று இருக்கிறேன். எப்போது வருகிறாய் என்று. கேட்கவில்லை. செவ்வாயும் சனியும் விமானம் போன பிறகு கூப்பிடுகிறான். மழை பெய்ததா, மீன் என்ன, எந்த நாய் குறுக்கே வந்தது, ஃபௌலினா என்ன தப்புச் செய்தாள். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்த பிறகு அறைக்குள்ளேயே நடக்கிறேன். இங்கே தரையில் கம்பளம், தேயாது.

மே 12, செவ்வாய்

வேலைக்கு நடுவே தேநீர் குடிக்கும் நேரம், போன் அடித்தது. கைட்டு. இந்த நேரத்தில் இவன் கூப்பிடவே மாட்டான், இது விமானம் வரும் நேரம். தெலீசாவுக்கு என்னவோ என்று பயந்து வெளியே ஓடினேன்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அங்க ரொம்பக் குளிருதா?"

"அதைக் கேக்கவா இப்போ கூப்பிட்டே?"

அப்போது அவன் பின்னால் சைரன் ஊதியது. முதல் சைரன். அவன் பேசிக்கொண்டேயிருந்தான். இரண்டு ஸ்வெட்டர் போதுமா, மூன்று வேண்டுமா என்கிறான்.

"யாரு ஊதுறது?" என்றேன்.

"ஃபௌலினா. இழுத்து இழுத்து ஊதுறா, இல்ல? அவ்வளவு சொல்லிக் குடுத்தும். ஆனா ஜனங்க எழுந்து போறாங்க. பார்த்துட்டுத்தான் போன வெள்ளிக்கிழமை சாவியை எலியா கையில குடுத்தேன். அவர் கேக்கலை, நானே குடுத்தேன்."

"நீ இப்போ எங்க நிக்கிறே?"

"வரிசையில. தெலீசாவை எடை போட்டாச்சு. அடுத்தது நான்."